அடக்கி அடக்கிப் பை கெட்டுவிட்டதா?

கேள்வி: எனக்கு 36 வயது. பெரிய துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவேன். பாத்ரூம் மேல்மாடியில் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், இரண்டாவது தடவை கேட்டால் முகம் மாறிவிடும். அதனால் காலையில் ஒரு டீயோடு சரி, கடையில் தண்ணீரே குடிப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை போவேன், அவ்வளவுதான். இந்த வருடம் மட்டும் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் குறையும். இப்போது லீவு நாளில் வீட்டில் இருந்தால் அரை மணிக்கு ஒரு தரம் வருகிறது. போனால் கொஞ்சம்தான் போகிறது. ஸ்கேன் எடுத்ததில் 'சிறுநீர்ப்பையின் சுவர் லேசாகத் தடித்துள்ளது, கழித்தபின் மீதி 30 மி.லி.' என்று எழுதியிருக்கிறார்கள். அடக்கி அடக்கியே பை சுருங்கிவிட்டதா? இப்படியே போனால் கிட்னி போய்விடும் என்கிறார் கூட வேலை பார்க்கும் அக்கா. வெடித்துவிடுமோ என்றுகூட பயமாக இருக்கிறது. அம்மா கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் சிறுநீர்ப்பை கெட்டுப்போகவில்லை, சுருங்கவும் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு வரிகளிலும் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் ஒரே வருடத்தில் மூன்று முறை வந்த நீர்க்கடுப்பை அப்படியே விட முடியாது, அதற்குச் சரியான சோதனையும் மருந்தும் வேண்டும். அடக்கியதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அடக்குவதற்காகத் தண்ணீரை நிறுத்தினீர்களே, அதுதான் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது தெரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி தானாகப் போய்விடும்.

அடிவயிற்றில் கையை வைத்து மெல்லக் கீழே இறக்கினால் குறுக்காக ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்கு நேர் பின்னால் இருப்பதுதான் சிறுநீர்ப்பை. காலியாக இருக்கும்போது ஒடுங்கி அந்த எலும்புக்குப் பின்னாலேயே மறைந்துகிடக்கும். நிரம்ப நிரம்ப உருண்டு மேல்நோக்கி எழும்பி வயிற்றுக்குள் வரும். நன்றாக நிரம்பிய பையை எலும்புக்கு மேலே விரலால் தட்டியே நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். பெண்களுக்கு அதன் மேல் சாய்ந்தபடி கர்ப்பப்பை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 400 முதல் 500 மி.லி. வரை சிரமமில்லாமல் பிடிக்கும். 150, 200 மி.லி. சேரும்போதே 'ஏதோ இருக்கிறது' என்ற முதல் உணர்வு வந்துவிடும். அப்போதே ஓட வேண்டியதில்லை.

இந்தப் பைக்குச் சிறுநீர் மேலிருந்து வருகிறது. சிறுநீரகங்கள் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு மில்லி லிட்டர் அளவில் சிறுநீரைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன, தூங்கும்போதும்தான். அதைக் கீழே கொண்டுவருவது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறுநீர் நாளங்கள். 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்விட்டம் மூன்று நான்கு மில்லி மீட்டர்தான். சிறுநீர் இவற்றில் சும்மா வடிந்து இறங்குவதில்லை. நாளத்தின் தசை நிமிடத்துக்குச் சில முறை அலைபோலச் சுருங்கி அதைக் கீழே தள்ளுகிறது. படுத்திருந்தாலும் தலைகீழாக நின்றாலும் அது பைக்குப் போய்ச் சேரும்.

கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னதற்குப் பதில் இந்த நாளங்கள் பையில் சேரும் இடத்தில் இருக்கிறது. அவை பையின் சுவரை நேராகத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. சுவருக்குள்ளேயே ஒன்றரை, இரண்டு செ.மீ. தூரம் சாய்வாக ஓடி, அப்புறம்தான் உள்ளே திறக்கின்றன. பை நிரம்பும்போதும் அது சுருங்கும்போதும் சுவர் அந்தச் சாய்வுப் பாதையை அழுத்தி மூடிவிடும். கீழே வந்த சிறுநீர் மேலே ஏற வழியில்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சாய்வுப் பாதை குட்டையாக இருக்கும். அவர்களுக்குத்தான் சிறுநீர் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தில் தழும்பு விழும் அபாயம் அதிகம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், புராஸ்டேட் வீங்கிப் பாதை அடைத்துக்கொண்ட ஆண்கள், இவர்களுக்கும் பைக்குள் அழுத்தம் மாதக்கணக்கில் ஏறி நின்றால் சிறுநீரகம் பாதிக்கப்படும். உங்களைப் போல நல்ல நரம்பும் திறந்த பாதையும் உள்ள பெண், கடையில் சில மணி நேரம் அடக்கியதால் சிறுநீரகம் செயலிழந்துவிடாது. கிருமித் தொற்று மேலேறினால் அது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது சுவர். பையின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன் மேல்வரிசையில் இருப்பவற்றுக்குக் குடைச் செல்கள் என்று பெயர். பை காலியாக இருக்கும்போது இவை குவிந்து தடியாக நிற்கும். நிரம்பும்போது தட்டையாக விரிந்துகொடுக்கும். அது மட்டுமில்லாமல், செல்லின் உள்ளே மடித்து வைத்திருக்கும் சவ்வை எடுத்து மேற்பரப்பில் சேர்த்துத் தன் பரப்பையே பெரிதாக்கிக்கொள்ளும். காலியானதும் அந்தச் சவ்வு மறுபடி உள்ளே போய்விடும். இத்தனை விரிந்தும், உள்ளே இருக்கும் யூரியாவோ உப்போ திரும்ப இரத்தத்தில் கலந்துவிடாதபடி இந்தப் படலம் காக்கிறது. உடம்பிலேயே இவ்வளவு இறுக்கமான தடுப்புகள் மிகக் குறைவு. 'அடக்கினால் விஷம் இரத்தத்தில் கலந்துவிடும்' என்று சொல்வார்களே, அது உண்மையில்லை.

படலத்துக்கு வெளியே தசை. நீள, குறுக்கு, சாய்வு என்று எல்லாத் திசையிலும் பின்னிய தசைக்கட்டுகள். இந்தத் தசைக்கு இரண்டு திறமை உண்டு. நிரம்பும் நேரத்தில் தளர்ந்து இடம் கொடுக்கும். 300 மி.லி. சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம், பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தத்தைத் தாண்டாது. வெளியேற்றும் நேரத்தில் மொத்தமாகச் சுருங்கி, ஏறக்குறைய முழுவதையும் தள்ளிவிடும்.

உங்கள் ஸ்கேனில் 'லேசாகத் தடித்துள்ளது' என்று வந்ததற்கு இங்கேதான் விளக்கம். நன்றாக நிரம்பிய பையின் சுவர் 3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்கும். அதே பை பாதி காலியாக இருந்தால் 5 மி.மீ. வரை தெரியும், அதுவும் இயல்புதான். ஸ்கேன் அறைக்குப் போகும்போது முழுதாக நிரம்பும்வரை காத்திருந்தீர்களா, இல்லை முட்டிக்கொண்டு வருகிறது என்று பாதியிலேயே படுத்துக்கொண்டீர்களா? கொஞ்சம் நிரம்பினாலே அவசரம் வருகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சமீபத்தில் தொற்று வந்து போயிருந்தாலும் சுவர் சில வாரம் வீங்கித் தெரியும். தொற்று முழுவதும் குணமானபின், பை நிரம்பிய நிலையில் ஒரு முறை பார்த்தால் போதும். மீதி 30 மி.லி. என்பது ஒன்றுமே இல்லை. 50-க்குக் கீழே இருந்தால் பை நன்றாகக் காலியாகிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் அடக்கியும் உங்கள் தசை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

சரி, அரை மணிக்கு ஒரு தரம் ஏன் வருகிறது? இதைப் புரிந்துகொள்ள நரம்புகளிடம் போக வேண்டும்.

பைக்கு இரண்டு கதவுகள். கழுத்துப் பகுதியில் இருப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத தசை, தானாக மூடித் தானாகத் திறக்கும். அதற்குக் கீழே இருப்பது கைகால் தசையைப் போல நாம் சொன்னால் கேட்கும் தசை. கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நாம் இறுக்கிப் பிடிப்பது இதைத்தான். பை நிரம்பும் நேரம் முழுக்க, முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஒரு நரம்புக் கூட்டம் பைத்தசையைத் தளர்த்தியும் கழுத்தை மூடியும் வைத்திருக்கும். வெளியேற்ற வேண்டிய நேரத்தில், அதற்கும் கீழே வால்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் பைத்தசையைச் சுருக்கும். எப்போது எது வேலை செய்ய வேண்டும் என்று மாற்றிவிடும் சுவிட்ச் மூளைத்தண்டில் இருக்கிறது. 1920-களில் பேரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளில் ஆராய்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறோம். அந்தச் சுவிட்சுக்கு மேலே நெற்றிப் பக்கத்து மூளை இருக்கிறது. இடம் சரியா, நேரம் சரியா, யாராவது பார்க்கிறார்களா என்று தீர்மானித்து 'இப்போது வேண்டாம்' அல்லது 'போகலாம்' என்று அனுமதி தருவது அதன் வேலை. கைக்குழந்தைக்கு இந்த மேல்மூளைக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை, அதனால் நிரம்பியதும் போய்விடுகிறது. இரண்டு மூன்று வயதில் நாம் பழக்குவது பையை இல்லை, மூளையைத்தான்.

அதாவது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மட்டும் நமக்கு வரும் உணர்வைத் தீர்மானிப்பதில்லை. உள்படலம் எவ்வளவு எரிச்சலில் இருக்கிறது, மூளை எந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டும் மாறியிருக்கின்றன. மூன்று தொற்றுகளும், தண்ணீர் இல்லாமல் கெட்டியான சிறுநீரும் உள்படலத்தைப் புண்படுத்தி வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் உணர்வு நரம்புகள் 80, 100 மி.லி.க்கே 'நிரம்பிவிட்டது' என்று தகவல் அனுப்புகின்றன. கடையில் மேல்மூளை 'வேண்டாம், வேண்டாம்' என்று மணிக்கணக்கில் தடுக்கிறது. வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை, பாத்ரூம் பத்தடியில் இருக்கிறது, அதனால் முதல் தகவலுக்கே அனுமதி கிடைத்துவிடுகிறது. கடைக்குக் கிளம்பும் முன் 'எதற்கும் ஒரு தடவை போய்விடுவோம்' என்று இரண்டு மூன்று முறை போகும் பழக்கமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சமாக இருக்கும்போதே போகக் கற்றுக்கொடுப்பது அதுதான். பை சுருங்கியிருந்தால் கடையில் உங்களால் நான்கு மணி நேரம் அடக்கியிருக்கவே முடியாது. அதை யோசித்துப் பாருங்கள்.

வெடித்துவிடுமா என்று கேட்டீர்கள். 1601-ல் பிராகா நகரத்தில் டைக்கோ பிராகே என்ற பெரிய வானியலாளர், விருந்தில் நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனபின் சிறுநீர் சரியாகப் போகவே இல்லை. பதினோரு நாளில், 54 வயதில் இறந்துபோனார். அவருடைய உதவியாளராக இருந்த கெப்ளர் இதை எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பை, அடக்கியதால் மட்டும் வெடிப்பது மிக மிக அபூர்வம். அதற்கு வெகு முன்பே கதவு தளர்ந்து ஆடையிலேயே போய்விடும். பை கிழிந்து எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் விபத்தில் சிக்கியவர்கள். நிரம்பிய பையோடு காரிலோ பஸ்ஸிலோ போகும்போது வயிற்றில் அடிபட்டால் கிழியும். தூரப் பயணத்தில் வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கிப் போய்வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இதனால் அடக்குவது நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடக்கணக்கில், தினமும், அளவுக்கு மீறி விரிந்துகொண்டே இருந்தால் உணர்வு மழுங்கும். அரை லிட்டர் தாண்டி, முக்கால் லிட்டர் சேர்ந்தபின்தான் வருவதே தெரியும். தசையும் சோர்ந்து மீதி நிற்க ஆரம்பிக்கும். ஆசிரியைகள், நர்ஸ்கள், கடைப் பெண்கள் என்று இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போகவில்லை. போகாமல் இருக்க இப்போதே மாற வேண்டும்.

இனி நீர்க்கடுப்பு. ஆண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் பாதை 18 முதல் 20 செ.மீ. நீளம். நமக்கு 4 செ.மீ.தான், அதுவும் மலவாய்க்குப் பக்கத்தில் திறக்கிறது. குடலில் இருக்கும் ஈகோலை என்ற கிருமி அந்தக் குட்டைப் பாதையில் ஏறிப் பைக்குள் போய், தன் மேல் இருக்கும் நுண்ணிய இழைகளால் உள்படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு கிருமிதான் காரணம். இதற்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் முதல் ஆயுதம் மிக எளிமையானது: ஒழுங்கான இடைவெளியில், நிறைய சிறுநீர் வேகமாக வெளியே போய் அந்த இடத்தைக் கழுவிவிடுவது. தண்ணீரே குடிக்காவிட்டால் கழுவ ஒன்றும் இல்லை. கொஞ்சமாக இருக்கும் சிறுநீரும் ஏழெட்டு மணி நேரம் உள்ளேயே நின்றால் கிருமி பெருக நேரம் கிடைக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஒரு நல்ல ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் வழக்கம்போல இருந்தார்கள், மீதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் முதல் கூட்டத்துக்குச் சராசரியாக 3.2 முறை நீர்க்கடுப்பு வந்தது. தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 முறை. மருந்தே இல்லாமல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உங்களுக்கு நான் எழுதித் தரும் முதல் மருந்து இதுதான்.

மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரையை இத்தோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்ததும் நீங்கள் மாத்திரையை விட்டுவிட்டிருப்பீர்கள். மருந்துக்குத் தப்பிய கிருமிகள் அங்கேயே இருந்து திரும்ப வளரும், அடுத்த முறை அதே மாத்திரை கேட்காது. ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் அதை 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். அடுத்த முறை கடுப்பு ஆரம்பித்ததும், எந்த ஆன்டிபயாட்டிக்கும் போடுவதற்கு முன், யூரின் கல்ச்சர் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கும் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையிலோ, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயோ செலவில்லாமல் செய்துகொள்ளலாம். கூடவே சர்க்கரையும் பாருங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். அடிக்கடி போவதும் அடிக்கடி தொற்று வருவதும் சேர்ந்து இருந்தால் சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது முக்கியம்.

அம்மா சொல்லும் சுண்ணாம்பு கிருமியை ஒன்றும் செய்யாது, தோல் மெல்லியதாக இருந்தால் பொத்துப்போகும். அம்மா மனம் நோகாமல், அதற்குப் பதில் பார்லித் தண்ணீரோ நீர்மோரோ போட்டுத் தரச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே உதவும், உள்ளே போவது தண்ணீர்தானே. குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி இவை கடுப்போடு சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், முட்டிக்கொண்டு நிற்க ஒரு சொட்டும் வராவிட்டாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும் அப்படியே. கர்ப்பமாக இருந்தால் சாதாரணக் கடுப்பைக்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்து, மூன்று நாளுக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். இரண்டு கடை நாள், ஒரு லீவு நாள். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் பாத்ரூமில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மி.லி., என்ன குடித்தீர்கள் என்று குறியுங்கள். கடையில் அளக்க முடியாது, நேரத்தை மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொரு தடவையும் 80, 100 என்று வந்தால் நான் சொன்ன எரிச்சலும் பழக்கமும்தான். ஒவ்வொரு தடவையும் 300, 400 என்று வந்தால் உடம்பே அதிகமாகச் சிறுநீரைப் பிரிக்கிறது, அப்போது சர்க்கரைச் சோதனை இன்னும் அவசரம். மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாள், பல சோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம். ஒரு லிட்டரை ஒன்றாகக் குடித்தால் சிறுநீரகம் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பல மடங்கு வேகத்தில் வெளியேற்றிவிடும், நீங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எழுந்ததும் இரண்டு டம்ளர், கடைக்குள் நுழையும் முன் ஒரு முறை போய்வருவது. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர், சாப்பாட்டோடு இரண்டு, நான்கு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு. இப்படிப் பரப்பினால் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போனால் போதும். கடை நேரத்தில் மூன்று தடவை. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரியான அளவு. டீ ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், அதில் இருக்கும் கஃபீன் பையைச் சீண்டும்.

போகும்போது எப்படி உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் ஊர்க் குந்தும் கழிப்பறையில் சிக்கல் இல்லை, பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசை தானாகத் தளரும். பொது இடத்து வெஸ்டர்ன் டாய்லெட்டில், சுத்தமில்லை என்று அந்தரத்தில் பாதி நின்றபடி போவோம். அப்போது தொடையும் இடுப்பும் இறுகியே இருப்பதால் பை முழுதாகக் காலியாகாது. ஒரு காகிதமோ துணியோ போட்டாவது உட்கார்ந்துவிடுங்கள். முக்கித் தள்ள வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், நிரம்பிய மலக்குடல் முன்னால் இருக்கும் பையை அழுத்தும்.

தொற்று இல்லை என்று உறுதியானபின், லீவு நாள் அவசரத்துக்குப் பயிற்சி. முதலில் செய்தால் பலனிருக்காது, கெடுதலாகவும் முடியும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். அப்படியே நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். வாயுவை அடக்குவது போல இடுப்புத் தளத் தசையை ஐந்தாறு முறை பட்பட்டென்று இறுக்கி விடுங்கள். அந்தத் தசை இறுகும்போது பைத்தசைக்கு 'தளர்ந்திரு' என்று தண்டுவடம் வழியாகவே தகவல் போகிறது. அவசரம் ஒரு நிமிடத்தில் அடங்கும். அடங்கியதும் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். அரை மணி முக்கால் மணியாகும், வாரத்துக்கு வாரம் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போய் மூன்று மணியில் நிறுத்துங்கள். ஒன்பது, பத்து வாரம் பிடிக்கும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பயிற்சி சிலர் சொல்வார்கள், அது வேண்டாம், காலியாவது கெடும். இதிலும் குறையாவிட்டால் பைத்தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துத் தருவார்.

இத்தனையும் எழுதிவிட்டு, கடையைப் பற்றி எழுதாவிட்டால் நான் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. உங்கள் உடம்பில் குறையில்லை. பன்னிரண்டு மணி நேர வேலையில் மூன்று தடவை பாத்ரூம் போக விடாத ஏற்பாட்டில்தான் குறை. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஒன்றுசேர்ந்து கழிப்பறை கேட்டுப் போராடினார்கள். உட்கார நாற்காலி வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டதுதான். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தது. உங்களைப் போன்ற பெண்கள் வாய்திறந்து கேட்டதால் வந்த சட்டம் அது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் தளத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒருவர் மாற்றி ஒருவர் போய்வர ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேளுங்கள். உங்களுக்கு இருக்கும் தொல்லை அவர்களில் பலருக்கும் இருக்கும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பார்க்கும்போது, 'திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று இருப்பதால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை செல்லவும், வேலையிடத்தில் தண்ணீர் குடிக்கவும் அனுமதிக்க வேண்டும்' என்று கடைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குத் தனிப் படிவம் எதுவும் இல்லை, அவருடைய லெட்டர்பேடில் இரண்டு வரி போதும். ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை மேலாளரிடம் கொடுங்கள்.